சரிகை கட்டிய பவளம்

இருபத்திரண்டு வருஷமாக எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பவளப்பாறை பற்றிப் பாடம் நடத்தி வருகிறேன். மன்னார் வளைகுடா, அந்தமான், லட்சத்தீவு என்று கரும்பலகையில் எழுதி, கீழே கோடு போட்டு, இது கல் இல்லை, உயிர் என்பேன். ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளையாவது எழுந்து, "நீங்க பாத்துருக்கீங்களா சார்?" என்று கேட்கும். "உட்கார்" என்பேன். நான் பார்த்த கடல் மகாபலிபுரத்தில் சுண்டல் தின்றபடி பார்த்த கடல். அதிலும் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை.

ஐம்பதை நெருங்கும்போது சிலருக்கு யோகா வருகிறது, சிலருக்குச் சர்க்கரை வருகிறது. எனக்குக் கடல் வந்தது. மத்தியானத் தூக்கத்தில் வந்தது. தண்ணீருக்குள் ஏதோ விரல் விரித்து மூடுகிறது, வெளிச்சம் மேலிருந்து நூல் நூலாக இறங்குகிறது, நான் மூச்சுவிட மறந்து நிற்கிறேன். விழித்துப் பார்த்தால் மின்விசிறி நின்றிருக்கும், சட்டை நனைந்திருக்கும். கரண்ட் போன அந்த நேரங்களில்தான் முடிவு செய்தேன். காஞ்சிபுரத்துக்குக் கடல் வராது, நாம்தான் வரவழைக்க வேண்டும்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில் ரயில் பெட்டி மாதிரி நீண்டு கிடக்கும். முன்னறையில் தறி. நெய்வது என் மனைவி. நானும் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன்தான். சின்ன வயதில் என்னை ஒரு வாரம் தறியில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, "இவன் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். அது பாராட்டு இல்லை என்று புரியவே எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

பின்னறை காலியாக இருந்தது. அங்கே இரண்டாவது தறி போட வேண்டும் என்று மனைவிக்கு எண்ணம். கையில் ஆர்டர் நிறைய. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து அவள் தங்கை வந்து நெய்யத் தயார். நியாயமான எண்ணம். அதற்கு எதிரே நான் வைத்தது ஒரு கனவு.

"மனுசன் நெய்ய எடமில்ல, மீனுக்கு ஒரு ரூமா?" என்றாள்.

"மீன் இல்லம்மா, பவளம்."

"கழுத்துல போடறதா?"

"உயிரோட இருக்கறது."

"அதத்தான் கேக்கறேன். உங்க கையில அது உயிரோட இருக்குமா? துளசிச் செடியே மூணு மாத்தியாச்சு."

பேசி முடித்தோம். முடித்தது அவள். தறி ஆசாரி பங்குனி கடைசி வெள்ளிக்கிழமை வருவார். அதற்குள் என் பவளம் உயிரோடு விரிந்து நின்று காட்ட வேண்டும். காட்டினால் பின்னறை எனக்கு. இல்லாவிட்டால் கடலை அள்ளிச் சாக்கடையில் ஊற்றிவிட்டு இடத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

தொட்டி வாங்கச் சென்னையில் மீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்குப் போனேன். கடைக்காரர் மூன்றடி, நான்கடி என்று தயார்த் தொட்டிகளைக் காட்டினார். எங்கள் பின்னறையில் சுவரோடு நிற்கும் மரத்தூணுக்கும் ஜன்னலுக்கும் நடுவே முப்பத்து நான்கு அங்குலம்தான் இருக்கிறது என்றேன். "அப்ப அளவு குடுத்துச் செஞ்சிக்கலாம் சார்" என்றார். உயரம் கேட்டார். கடல் அல்லவா, ஆழமாக இருக்கட்டும், மூன்றடி என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கைய நீட்டுங்க சார்."

நீட்டினேன். அக்குளிலிருந்து விரல் நுனி வரை டேப் வைத்து அளந்தார். இருபத்தாறு.

"இருவது அங்குலம் ஒயரம் போதும். கை எட்டாத ஆழத்துல எது செத்தாலும் எடுக்க முடியாது. உங்க கைதான் சார் உங்க கடலு."

இத்தனை வருஷம் புவியியல் நடத்தியும் ஒரு கடலின் ஆழத்தை இப்படித் தீர்மானிக்கலாம் என்று எனக்குத் தெரியாது. பிறகு தொட்டி நுழைய வேண்டிய எங்கள் நடைவழியின் அகலத்தைச் சொன்னேன். முன்பக்கத்துக்கு மட்டும் பச்சை ஓடாத தெளிந்த கண்ணாடி, பின்னால் நீர் வழிந்து இறங்க ஒரு தடுப்பு, கீழே வடிகட்டும் சின்னத் தொட்டி, சூட்டுக்குக் குளிரூட்டி. எல்லாம் எழுதிக்கொண்டார். நம் ஊர் வெயிலில் தண்ணீர் ரசமாகிவிடும், பவளத்துக்கு இருபத்தாறு டிகிரி வேண்டும் என்றார். எனக்கும் அதுதான் வேண்டும், யாரும் விசாரித்ததில்லை.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டி வந்தது. வெள்ளைத் துணி சுற்றிய கண்ணாடிப் பெட்டி. நான்கு பேர் முன்னும் பின்னும் பிடித்து, "பாத்து, பாத்து, தல இடிக்கும்" என்று தெருவில் தூக்கி வந்தார்கள். எதிர்வீட்டில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், சாயக் கையைத் துடைத்துக்கொண்டு, தோளில் துண்டோடு, முகத்தைத் தொங்கப்போட்டபடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாத்தியாரே, யாரு?"

"யாருன்னா?"

"ஐஸ் பெட்டி போவுதே."

"மீன் தொட்டிங்க."

அவர் கொஞ்ச நேரம் என் கையை விடவில்லை. துக்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி நின்றார். "அதான் பாத்தேன், நீளம் கம்மியா இருக்குதேன்னு" என்றார். பிறகு உள்ளே வந்து காப்பி குடித்துவிட்டு, தாமல் ஏரியிலிருந்து நல்ல கெண்டைக் குஞ்சு பிடித்துத் தருவதாகச் சொன்னார்.

சுத்தமான தண்ணீரில் கடலுப்புத் தூளைக் கரைத்து, உப்பின் அளவைக் கருவி வைத்துப் பார்த்து, பாறைகளை அடுக்கி, மணலைப் பரப்பினேன். அதன் பிறகு ஆறு வாரம் ஒன்றுமே விடக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பாறையில் குடியேற வேண்டும். அதுவரை வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு இதில் இயற்கையான திறமை இருந்தது.

அந்த ஆறு வாரத்தைப் போல ஒரு காலம் எனக்கு வாய்த்ததில்லை. பள்ளியிலிருந்து வந்து, சாயங்காலம் நீல விளக்கைப் போட்டுவிட்டு முன்னால் உட்காருவேன். சுவர் அலையும். கூரை அலையும். என் கை நீலமாகி வேறு யாருடைய கையோ ஆகும். முன்னறையில் தறிப் பலகை அடிக்கும் சத்தம் நடு அறையைத் தாண்டி வரும்போது மெத்தென்று ஆகியிருக்கும். கரையை விட்டு வெகுதூரம் போன படகில் இருந்துகொண்டு கரையைக் கேட்கிற மாதிரி. பாறையில் பழுப்புப் பாசி படர்ந்தது, பிறகு பச்சை, பிறகு அதுவும் கரைந்தது. நான் எதையும் யோசிக்கவில்லை. படிக்க எடுத்துவந்த புத்தகங்கள் மடியில் ஈரம் வாங்கி உப்பின.

தெருவிலிருந்து வந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி கேட்டார்கள். "மீனு எங்க?" மனைவி முன்னறையிலிருந்தே பதில் சொல்வாள்: "அவருதாங்க மீனு. கிட்ட போவாதீங்க, கலைஞ்சிடுவாரு."

பங்குனி நடுவில் கடைக்காரரிடமிருந்து மூன்று நத்தைகளும், கட்டைவிரல் அளவில் ஒரு மென்பவளமும் வாங்கி வந்தேன். இன்னொருவர் தொட்டியில் வளர்ந்ததிலிருந்து நறுக்கிய கிளை. கடலிலிருந்து பெயர்ப்பது குற்றம். அதையும் எட்டாம் வகுப்பில் நான்தான் நடத்துகிறேன். பழுப்பு நிறம், விரல் விரலாகக் கிளை, ஒவ்வொரு விரலிலும் பூ மாதிரி நுண்ணிய வாய்கள்.

அதைப் பாறையில் ஒட்ட முடியவில்லை. உடம்பு முழுக்க வழவழப்பு. பசை வைத்து அழுத்தினால் ஒரு மணி நேரத்தில் நழுவி மணலில் கிடக்கும். மூன்று முறை நழுவியது. போனில் கேட்டதற்கு, நூலால் லேசாகக் கட்டுங்கள், பத்து நாளில் தானே பிடித்துக்கொள்ளும் என்றார் கடைக்காரர். நான் கட்டினால் ஒன்று அவிழ்ந்தது, இல்லாவிட்டால் பவளத்தின் இடுப்பை அறுத்தது.

மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "கட்டறதுதான? தள்ளுங்க."

தறியில் அறுந்த இழையை ஒரு நாளைக்கு நூறு முறை முடிபோடும் விரல்கள். பாறையை ஒரு கையில் பிடித்து, பவளத்தை வைத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத ஒரு முடிச்சு. அரை நிமிஷம் ஆகவில்லை. அப்போதுதான் கவனித்தேன், நூல் மின்னியது.

"சரிகையா?"

"தங்கச்சி கல்யாணப் பொடவைல மிஞ்சினது. புதுசா ஒண்ணு ஆரம்பிக்கறப்ப வெறும் நூல்லயா கட்டுவாங்க?"

பவளம் பொன்னரைஞாண் கட்டிய குழந்தை மாதிரி தண்ணீருக்குள் போனது. நீல வெளிச்சத்தில் அந்தச் சரிகை மின்னிய அழகை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

நான்காம் நாள் பவளம் சுருங்கியது. வாய்கள் மூடின. இரண்டு நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்து மல்லாந்தன, பிறகு எழவே இல்லை. உப்பைப் பார்த்தேன், சூட்டைப் பார்த்தேன், எல்லாம் சரி. பதினோராம் நாள், ஆசாரி வர இரண்டு நாள் இருக்கும்போது, கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"உலோகம் எதுனா உள்ள போச்சா சார்? காசு, செம்பு?"

"செம்புக் குடத்தக்கூட இந்த ரூமுக்குள்ள விடறதில்லங்க" என்றேன். உண்மைதான். செம்பு ஒரு துளி கரைந்தாலும் பவளமும் நத்தையும் தாங்காது என்று நான் படித்த எல்லாவற்றிலும் இருந்தது. போனை வைத்துவிட்டுத் தொட்டியைப் பார்த்தேன். சரிகை முடிச்சில் மெல்லிய பச்சை படிந்திருந்தது. பூஜைத் தட்டைப் புளி போட்டுத் தேய்க்காமல் விட்டால் வருமே, அந்தக் களிம்பு.

எங்கள் ஊரில் சரிகை என்றால் தங்கம், வெள்ளி. அதற்குள் செம்பும் உண்டு என்பது நெய்கிறவர்களுக்குத் தெரியும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. எனக்குச் செம்பு விஷம் என்று தெரியும். அவளுக்குச் சரிகையில் செம்பு என்று தெரியும். இரண்டும் ஒரே கூரையின் கீழ் பல வருஷம் குடித்தனம் செய்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

அவளிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். தங்கை கல்யாணப் புடவையின் மிச்சத்தை எடுத்து வந்து கட்டியவளிடம் போய், உன் கைதான் இதைக் கொன்றது என்று எப்படிச் சொல்வது? பின்னறை போனால் போகட்டும். வாழ்க்கையில் ஒரு முறையாவது பெருந்தன்மையாக இருந்து பார்க்கலாம் என்றும் ஒரு நப்பாசை.

மறுநாள் வியாழன். அவள் பாவுக்கு நூல் வாங்கக் கிளம்பியதும் கத்தரியை எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் அக்குள் வரை கைவிட்டேன். வெட்டி எடுத்து நிமிர்ந்தால் வாசலில் நிற்கிறாள். பையை மறந்துவிட்டாளாம்.

"என்னா பண்ணிக்கினு இருக்கீங்க?"

"சும்மா. பாசி."

என் கையிலிருந்த நூலை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் ஒரு தேய் தேய்த்தாள். ஒரு பார்வையில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"களிம்பு ஏறிக்குது. செம்பு." மல்லாந்த நத்தைகளைப் பார்த்தாள். "இதாலதானா?"

நான் சட்டைக் கையைப் பிழிந்தேன்.

"எப்ப தெரியும்?"

"நேத்து."

"ஏன் சொல்லல?"

"நாளைக்கு ஆசாரி வர்றாரு. எப்படியும் எடம் உனக்குத்தான். அப்புறம் எதுக்கு..."

"இன்னா பேச்சு இது?" அவளுக்குக் கோபம் வந்தது; நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. "என் கையால வுட்ட குத்தத்துக்கு நீங்க எடத்த வுட்டுக் குடுப்பீங்களா? அந்த எடத்துல நான் உக்காந்து நெய்வனா?"

"தெரியாம நடந்தது..."

"தறியில குத்தம் வுழுந்தா இன்னா பண்ணுவோம்? அது வுழுந்த எடம் வரைக்கும் குறுக்க ஓட்டின ஊடைய பிரிச்சிட்டு மறுபடி நெய்வோம். பிரிச்ச நாளு கணக்குல வராது. அது நெய்யறவளோட நாளு." விரலை மடக்கி எண்ணினாள். "கட்டி பன்னெண்டு நாளு ஆச்சு. பன்னெண்டு நாளு உங்களுக்குப் பாக்கி. ஆசாரிக்கு நான் போன் பண்ணிக்கிறேன்."

சாயமேற்றாத வெறும் பட்டு இழையால் பவளத்தை மறுபடி கட்டினாள். நான் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினேன். செம்பை உறிஞ்சும் கரியைத் துணியில் கட்டி வடிகட்டியில் போட்டேன். இரண்டு நாள் விட்டு மறுபடி இறைத்தேன். எதிர்வீட்டுக்காரர் குடம் குடமாகத் தூக்கிக் கொடுத்தபடி, "கெண்டைக்கு இவ்ளோ கஷ்டமே இல்ல வாத்தியாரே" என்றார். பவளம் மூடியே கிடந்தது, ஐந்தாம் நாளும், ஏழாம் நாளும். நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அவள் நிறுத்தவில்லை. தறியிலிருந்து எழும்போதெல்லாம் வியர்த்த கையை முந்தானையில் துடைத்தபடி போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து உட்காருவாள்.

ஒன்பதாம் நாள் பள்ளியிலிருந்து வந்தபோது முன்னறையில் தறிச் சத்தம் இல்லை. பின்னறை நீலமாக இருந்தது. அவள் தொட்டியின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மெதுவா வாங்க" என்றாள். "தெறந்துக்குது."

ஒரே ஒரு விரல். அதன் நுனியில் ஏழெட்டு வாய்கள் விரிந்து, மறைந்து, விரிந்தன. கனவில் எனக்கு வந்தது இவ்வளவு சின்னதாக இல்லை. இவ்வளவு நெருக்கமாகவும் இல்லை. நான் தரையில் உட்கார்ந்தேன். காப்பி வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

"இந்தப் பழுப்பு எந்தச் சாயத்துலயும் வராது" என்று கடைசியில் சொன்னாள். பிறகு எழுந்து, நான் விடைத்தாள் திருத்தும் நடு அறைக்குப் போய், கையை நீட்டி முழம் போட்டு அளக்கத் தொடங்கினாள்.

ஆசாரி அவள் தள்ளிச் சொன்ன நாளில் வந்தார். இப்போது நடு அறையில் அவள் தங்கை நெய்கிறாள். எனக்கு மேஜை இல்லை. விடைத்தாள்களைத் தொட்டியின் முன்னால் தரையில் பரப்பிக்கொண்டு திருத்துகிறேன், சில உப்புப் பூத்துப் பிள்ளைகளிடம் திரும்புகின்றன. சுவருக்கு அந்தப் பக்கம் பலகை ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் தண்ணீரின் மேல் ஒரு மெல்லிய நடுக்கம் ஓடுகிறது. பவளம் விரல்களைக் கொஞ்சம் சுருக்கி, மறுபடி விரிக்கிறது.