மறுக்க முடியாத விற்பனை

என் தம்பி கென்ட் செத்தபோது பத்திரிகையில் அரைப் பக்கம் போட்டார்கள். இரண்டு முறை டூரிங் கார் சாம்பியன், மூன்று ஊரில் கார் ஷோரூம், எப்போதும் சிரித்த முகம். எழுதினவனுக்குக் கென்ட்டைத் தெரியாது. நான் அவனுடைய அக்கா குன்வோர். எங்கள் ஊர்ப் பந்தயக் கிளப்பில் முப்பத்தெட்டு வருஷம் செயலாளராகக் குப்பை கொட்டியவள். எனக்குத் தெரியும்.

ஸ்வீடனில் எங்கள் காட்டுப் பக்கத்தில் கார்ப் பைத்தியம் பிடித்த எல்லோரும் ஃபோக்ரேஸில்தான் ஆரம்பிப்பார்கள். ஓட்டைக் காரைத் தட்டிக்கொட்டிச் சரளை மண்ணில் ஓட்டுவது. அதில் ஒரு விதி. பந்தயம் முடிந்ததும் பந்தய உரிமம் உள்ள எவரும் எந்தக் காரையும் கேட்டுச் சீட்டுப் போடலாம். விலை விதிப்புத்தகத்தில் இருக்கும், ஒரு நல்ல சைக்கிள் விலை. பல பேர் கேட்டால் குலுக்கல். சொந்தக்காரன் விற்க மாட்டேன் என்றால் அவன் உரிமம் போச்சு. யாரும் காசைக் கொட்டிக் கார் கட்டக் கூடாது என்று வைத்த விதி அது. உயிரைக் கொட்டிக் கட்டுகிறவனை என்ன செய்வது என்று எழுதினவர்கள் யோசிக்கவில்லை.

எங்கள் அண்ணன் எவர்ட் அப்படிக் கட்டினான். 1978இல், குளிர்காலம் முழுக்க, மாட்டுக் கொட்டிலில். எஞ்சினை நாலு தடவை பிரித்துப் பூட்டினான். வேலைவெட்டி இல்லாத கென்ட் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெல்டிங் வைக்கக்கூட அண்ணன்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். மே மாதம் முதல் பந்தயத்தில் எவர்ட் எல்லாச் சுற்றிலும் முன்னால் வந்தான். அவன் தலைக்கவசத்தைக் கழற்றுவதற்குள் கென்ட் என் மேஜைக்கு வந்து சீட்டை நீட்டினான்.

“என்னடா இது?”

“விதிதானேக்கா. நான் போடலேன்னா வேற எவனாச்சும் போட்டுருவான்.”

பச்சைப் பொய். அந்தக் காலத்தில் உள்ளூர்க்காரன் காருக்கு உள்ளூர்க்காரன் சீட்டுப் போட மாட்டான். அன்று பெட்டியில் விழுந்தது அந்த ஒரே சீட்டுதான்.

எவர்ட் சாவியைக் கொடுத்தான். “திருப்பிக் குடுத்துருவேல்லடா?” என்று கேட்டான்.

“பாக்கலாம்ணே,” என்றான் கென்ட்.

திருப்பிக் கொடுக்கவில்லை. அந்தக் காரில் வரிசையாக ஜெயித்தான், அதைப் பார்த்து ஒரு பணக்காரர் அவனை டூரிங் கார் என்ற தார்ச்சாலைப் பந்தயத்துக்குக் கூட்டிப்போனார். டூரிங் காரில் கதவோடு கதவு உரசிக்கொண்டு போவார்கள். முன்னால் போகிறவனின் பின் மூலையை லேசாகத் தட்டி, அவன் தானாகச் சுழன்றான் என்று தோன்றும்படி செய்வதில் கென்ட் கில்லாடி. பிறகு கேமரா முன்னால் முகத்தைத் தொங்கப் போடுவான். ஷோரூமிலும் அதே கைதான். புருஷனைப் பறிகொடுத்தவள் காரை விற்க வந்தால், “அடியில துரு புடிச்சிருக்கேம்மா,” என்று சிரித்துக்கொண்டே தோளைத் தட்டுவான். துரு இருக்காது.

பேட்டி கொடுக்கும்போதெல்லாம், “முதல் காரை நானேதான் கட்டினேன்,” என்பான். மர அறுவை மில்லில் காப்பி நேரத்தில் எவர்ட்டைப் பிடித்துக்கொள்வார்கள். “உன் தம்பி கட்டுன காராமே எவர்ட், நீ வெளக்குப் புடிச்சியா?” அண்ணன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு மரம் அறுக்கப் போய்விடுவான். அவன் மறுபடி காரே கட்டவில்லை. ஆனால் ஒவ்வொரு ஜனவரியும் உரிமத்தை மட்டும் புதுப்பித்தான். அந்தத் தாளில் முத்திரை குத்துகிறவள் நான்தான்.

2014 பிறந்ததும் கென்ட்டுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. இலையுதிர் காலம் தாண்டாது என்றார்கள். அவன் ஷோரூம்களை விற்றுவிட்டு, முதல் முறையாக ஒரு காரைத் தானே கட்டினான். மருந்தில் மரத்துப்போன விரல்களோடு ஐந்து மாதம். எங்கள் பழைய சரளைக் களத்தில் மே மாதப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தான். இறங்கும்போது அழுதுகொண்டிருந்தான். அது நடிப்பில்லை.

சாம்பியன் கட்டிய கார் என்று வெளியூர்க்காரர்கள் ஒன்பது பேர் சீட்டுப் போட்டிருந்தார்கள். கென்ட் என் மேஜைக்கு வந்தான்.

“அக்கா, ஆகஸ்டு வரைக்கும் இன்னும் ரெண்டு பந்தயம். எனக்கு மிச்சமிருக்கறது அவ்வளவுதான். இது போச்சுன்னா இன்னொண்ணு கட்ட விரல் வராது.”

“விதின்னு ஒண்ணு இருக்கேடா.”

“பெங்ட்டும் சீட்டுப் போட்டிருக்கான். என் பழைய மெக்கானிக். வாங்கித் திருப்பிக் குடுத்துருவான். எந்தச் சீட்டு வந்தாலும் அவன் பேர வாசிச்சிரு அக்கா. உன் கையிலதான் இருக்கு.”

எவர்ட் வேலியோரம் காப்பிக் கோப்பையோடு நின்றான். தம்பி சாகப்போகிறான் என்று முப்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு களத்துக்கு வந்திருந்தான். சீட்டு எதுவும் போடவில்லை.

பெட்டிக்குள் கையை விட்டேன். வந்தது பெங்ட்டின் சீட்டேதான். ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை, உள்ளதை வாசித்தால் போதும். கென்ட் என்னைப் பார்த்துச் சிரித்தான், அந்த விதவைகளைப் பார்த்துச் சிரிக்கும் அதே சிரிப்பு.

“எவர்ட்,” என்று வாசித்தேன். சீட்டை மடித்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

எல்லோரும் வேலிப் பக்கம் திரும்பினார்கள். எவர்ட் என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் போயிருக்கும். அவன் கோப்பையை வேலிக் கம்பத்தின் மேல் வைத்துவிட்டு வந்தான்.

கென்ட் சாவியை நீட்டினான். “அண்ணே, திருப்பிக் குடுத்துருவேல்ல?”

“பாக்கலாம்,” என்றான் எவர்ட்.

காரை மாட்டுக் கொட்டிலில் வைத்துப் பூட்டினான். கென்ட் தினமும் போன் செய்தான், அண்ணன் எடுக்கவில்லை. ஜூலையில் இரண்டு தடவை வாசல் கேட் வரைக்கும் போய், இறங்க முடியாமல் டாக்ஸியிலேயே உட்கார்ந்துவிட்டுத் திரும்பினான். செப்டம்பரில் செத்தான்.

அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் காப்பி கொடுத்தார்கள். எவர்ட் கேக் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“காரப் பிரிச்சுப் பாத்தேன்,” என்றான். “நல்லாத்தான் கட்டியிருக்கான். வெல்டிங் எல்லாம் நான் சொல்லிக் குடுத்த மாதிரியே இருக்கு.”

“அவன்கிட்ட சொன்னியாண்ணே?”

“இல்ல,” என்றான். கேக்கை முழுசாகச் சாப்பிட்டு முடித்தான்.