நுரையீரல் புழுவின் ஒரே நடுவர்

பிரோட் நகரத்துக் கால்நடைக் கல்லூரியின் உதவிப் பேராசிரியர் கிராதிமிர் விதனோவிச்சுக்குப் பல நாடுகளில் எதிரிகள் இருந்தனர். அவர்களில் பெரும்பாலோருக்கு அவர் பெயர் தெரியாது என்பதுதான் அவருக்கிருந்த ஒரே பாதுகாப்பு.

செம்மறியின் நுரையீரலில் வாழும், முடியைவிட மெல்லிய ஒரு புழுவே அவருடைய துறை. அதன் இளம்புழுக்கள் ஆட்டுப் புழுக்கையோடு வெளியேறி நத்தைக்குள் புகும். அந்த நத்தையைப் புல்லோடு சேர்த்து விழுங்கும் ஆட்டின் நுரையீரலுக்கு அவை மீண்டும் போய்ச் சேரும். இந்தப் பயணத்தைப் பற்றி யார் கட்டுரை எழுதினாலும், ஆய்விதழ்கள் அதை வெளியிடும் முன் நடுவர் ஒருவருக்குக் கமுக்கமாக அனுப்பித் தகுதி பார்க்கும். ஒரு காலத்தில் அப்படிப் பார்க்கத் தெரிந்தவர் ஐவர் இருந்தனர். பல்கேரியர் இறந்துபோனார். ஸ்பெயின்காரர் உண்ணி ஆராய்ச்சிக்கு மாறினார். போலந்துக்காரர் நிர்வாகப் பதவிக்குப் போனார். அவரை இறந்தவர் கணக்கிலேயே வைத்தோம். கிரேக்கர் லியோனிதாஸ் ஓய்வுபெற்று ஆலிவ் தோப்பு வாங்கினார். எஞ்சியவர் கிராதிமிர்.

எங்கள் ஊர்க்காரர்களின் சிக்கனத்தைப் பற்றித் தலைநகர் பெல்கிரேடில் நூறு நகைச்சுவைகள் சொல்வார்கள். பாராட்டிலும் அந்தச் சிக்கனத்தைக் கடைப்பிடித்தவர் இவர் ஒருவரே. வந்த கட்டுரைகளில் பத்துக்கு ஒன்பதைத் திருப்பி அனுப்பினார். பத்தாவதைத் திருத்தச் சொல்லி, திருத்தி வந்த பிறகு திருப்பி அனுப்பினார். ஆதாரமின்றி எவராவது ஒரு வரி எழுதிவிட்டால் அதன் ஓரத்தில், “இதை உங்களிடம் எந்த ஆடு சொன்னது?” என்று கேட்பார். அவருக்கு அடுத்த அறையில் திசு பார்க்கும் வேலை என்னுடையது. சுவருக்கு அப்பால் தட்டச்சின் வேகம் கூடினாலே, எந்த நாட்டிலோ ஓர் இளைஞன் அழப்போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இதில் ஒரே சங்கடம், அவர் தம் எழுத்தையும் அப்படியே படித்தார் என்பது. ஆகவே அவருடைய கட்டுரை எதுவும் மேசையை விட்டு எழுந்ததில்லை. துறைத்தலைவர் ஒலிவேரா ஸ்பாசிச் ஒருநாள் காப்பிக் கோப்பையோடு தாழ்வாரத்தில் அவரை மறித்தார். உண்ணிகளின் மரபணுவில் பெயர் பெற்றவர் ஒலிவேரா.

“டாக்டர், உலகமே இப்ப உண்ணி பக்கம் ஓடிட்டிருக்கு. இல்லன்னா மரபணு. நீங்க இன்னும் கண்ணாடிப் புனல்ல புழுக்கைய ஊறப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க.”

“புழு இன்னமும் புனல்லதான் இறங்குது, ஒலிவேரா. அதுக்கு யாரும் புது நாகரிகம் சொல்லிக்குடுக்கல.”

“வருஷக் கடைசியில உங்க மறுநியமனம் வருது. பட்டியல்ல இருக்கற இதழ்ல ஒரு கட்டுரை வரணும். அதை வெளிநாட்டுக்காரர் ஒருத்தராவது மேற்கோள் காட்டியிருக்கணும். சட்டம் நான் போட்டது இல்ல.”

“வரலன்னா?”

“அறை உண்ணிக்கு. நீங்க வீட்டுக்கு.”

ஐம்பத்து மூன்று வயதில் வீட்டுக்குப் போய் என்ன செய்வது? கிராதிமிர் மேசையைத் திறந்து, இருப்பதில் நல்ல கட்டுரையை எடுத்தார். அது திஹோமிரின் ஆடுகளைப் பற்றியது. திஹோமிர், ஸ்தாரா பிளானினா மலையில் மந்தை வைத்திருப்பவர். கிராதிமிரின் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவர். எங்களிடையே அந்த உறவு உடன்பிறப்பைவிடப் பெரிது. ஒருவரையொருவர் “கூமே” என்றுதான் அழைப்பார்கள். திஹோமிர் விடியலிலேயே ஆடுகளை அவிழ்த்துவிடுவார். பக்கத்து மேய்ச்சலில் அவருடைய மைத்துனர் நன்றாகத் தூங்கி எழுந்து, பனி காய்ந்த பிறகு அவிழ்ப்பார். புழுக்கையை எண்ணிப் பார்த்ததில், சோம்பேறியின் மந்தையில் புழு குறைவாக இருந்தது. ஈரப் புல்லில் நத்தைகள் ஏறும், வெயில் வந்தால் இறங்கிவிடும் என்று கிராதிமிர் விளக்கம் எழுதினார். இதைக் கேள்விப்பட்ட திஹோமிர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

கட்டுரை இதழுக்குப் போனது. சில நாளில் அந்த இதழிலிருந்தே அவருக்கு மின்னஞ்சல் வந்தது: நுரையீரல் புழுவில் தங்களுக்குள்ள ஆழ்ந்த புலமையைக் கருதி, இணைப்பிலுள்ள கட்டுரைக்கு நடுவராக இருக்க வேண்டுகிறோம். இணைப்பைத் திறந்தார். ஆசிரியர் பெயர் நேர்மையாக மறைக்கப்பட்டிருந்தது. கட்டுரை அவருடையது.

மறுப்புப் பொத்தானை அழுத்தினார். தமக்குப் பதிலாக இன்னொரு நடுவரின் பெயரைத் தரும்படி பக்கம் கேட்டது. பெயர் தராமல் அது நகரவில்லை. நாலைந்து முறை அழுத்தியபோது, சம்மதித்தமைக்கு நன்றி என்று வந்தது. அவர் இதழின் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தார். எடுத்தது ஓர் இளம்பெண்.

“நான் மறுப்பு அழுத்தினேன்மா. சம்மதம்னு வந்திருக்கு.”

“வேற ஒருத்தர் பேர் குடுத்துட்டா போதும் சார்.”

“வேற ஆளே இல்ல.”

“அப்ப நீங்கதான் சார் பொருத்தமான ஆளு.”

“அந்தக் கட்டுரைய எழுதினதே நான்தாம்மா!”

“அதைச் சொல்ல இந்தப் பக்கத்துல கட்டம் இல்லையே சார். நடுவர் அமையலன்னா கட்டுரை தானா திரும்பிடும். என்ன பண்ணட்டும்?”

வேறு ஆளே இல்லை என்றது முழு உண்மையன்று. கிரேக்கர் இருந்தார். ஆனால் ஓய்வுபெறுமுன் அவர் எழுதிய கடைசிக் கட்டுரையைக் கொன்று புதைத்தவர் கிராதிமிரே. அந்தப் பெயரை விழுங்கிக்கொண்டு தொலைபேசியை வைத்தார்.

“இதுல என்ன யோசனை?” என்றார் ஒலிவேரா. “‘அருமை, அப்படியே வெளியிடலாம்’னு ரெண்டு வரி எழுதுங்க.”

“என் வாழ்க்கையில நான் அருமைன்னு எழுதினது இல்ல.”

“இப்ப ஆரம்பிங்க. வயசு போயிடல.”

அவர் தம் வழக்கப்படியே செய்தார். “இக்கட்டுரையின் ஆசிரியர் நானே, அதை மனத்தில் கொண்டு மேலே படிக்கவும்” என்று முதல் வரியில் எழுதினார். பிறகு கட்டுரையைப் பிறர் எழுத்தாகப் பாவித்துப் படித்தார். இரண்டாம் பக்கத்திலேயே சுவருக்கு அப்பால் தட்டச்சின் வேகம் கூடியது எனக்குக் கேட்டது.

ஆடுகளின் வயது எங்கே? இந்தப் புழு ஆட்டுக்குள் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போவது. திஹோமிர் தம் கிழட்டு ஆடுகளைப் பாசத்தால் விற்காமல் வைத்திருந்தார். மைத்துனரோ ஒருசில தவிரக் கிழடுகளை விற்றுவிட்டுப் பெரும்பாலும் இளசுகளாக வைத்திருந்தார். அப்படியானால் புழுவைக் குறைத்தது தூக்கமா, இளமையா? கட்டுரையில் பதில் இல்லை. “பனிதான் காரணம் என்று உங்களிடம் எந்த ஆடு சொன்னது?” என்று தமக்குத் தாமே எழுதி, பெருந்திருத்தம் தேவை என்று அனுப்பிவைத்தார். மறுவாரமே இதழ் அதை ஆசிரியருக்கு, அதாவது அவருக்கே, அனுப்பியது. முதல் வரியை அங்கே எவரும் படித்ததாகத் தெரியவில்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் அவர் முள்கரண்டியை வைத்த வேகத்தில், எதிரே இருந்த அவர் மனைவி லியுபிங்கா நிமிர்ந்து பார்த்தாள். மருந்துக் கடையில் வேலை செய்பவள்; எரிச்சலில் வரும் மனிதர்களிடம் பேசிப் பழகியவள்.

“திமிர் பிடிச்சவன்,” என்றார் கிராதிமிர். “ஒவ்வொரு ஆட்டுக்கும் வயசு கேக்கறான்.”

“கேட்டது தப்பா?”

“சரிதான். அதுதான் வயித்தெரிச்சல். ஆனா கேக்கற தொனிய பாரு! மனுஷன மனுஷனா மதிக்கத் தெரியாதவன்.”

“யாரு அவன்?”

“நான்தான்.”

லியுபிங்கா ரொட்டியை நிதானமாகப் பிய்த்தாள். “முப்பது வருஷமா இந்த ஆளோடதான் நான் குடும்பம் நடத்தறேன். இப்பவாச்சும் உனக்கும் அறிமுகம் ஆச்சே.”

மறுபடியும் மலைக்குப் போக வேண்டியதாயிற்று. தரையில் கிடக்கும் புழுக்கையை எந்த ஆடு போட்டதென்று சொல்ல முடியாது. ஆகையால் கையுறை மாட்டி, இரு மந்தைகளிலும் ஒவ்வோர் ஆட்டின் பல்லைப் பார்த்து வயதைக் குறித்து, வாலைத் தூக்கிப் புழுக்கையை எடுக்க வேண்டும். திஹோமிர் ஆட்டைப் பிடித்துக்கொண்டார்.

“இவ்வளவு வேலை வாங்கறது யாரு கூமே?”

“ஒரு நடுவர். உன் மைத்துனன் ஆடு தேறினது தூக்கத்தாலயா, இளவயசாலயான்னு கேக்கறாரு.”

திஹோமிரின் முகம் மலர்ந்தது. “தங்கமான மனுஷன்! அவருக்கு ஒரு முழு வட்டு பாலாடைக்கட்டி அனுப்பறேன், விலாசம் குடு.”

“நல்லவன்னு சொல்லாத கூமே. உனக்கு அவனத் தெரியாது.”

“ஆடு தெரிஞ்சவன் கூமே அவன். உன்ன மாதிரி இல்ல.”

கிராதிமிர் அடுத்த வாலைத் தூக்கினார்.

புழுக்கைகளைத் துணியில் கட்டிப் புனல் நீரில் தொங்கவிட்டு, அடியில் இறங்கிய இளம்புழுக்களை வயதுவாரியாக எண்ணினார். இளம் ஆடுகளிடையே வேறுபாடே இல்லை. கிழட்டு ஆடுகளிடையே இருந்தது: விடியலில் மேய்ந்தவற்றுக்குப் புழு கூடுதல். பனிக்குப் பங்கு உண்டு. ஆனால் அவர் முதலில் எழுதியதில் பாதிதான். நடுவருக்கு மனமார்ந்த நன்றி தெரிவித்து விடைகளை எழுதினார். அந்த நன்றியை எழுத ஒரு முழு முற்பகல் பிடித்தது. பிறகு நடுவர் நாற்காலிக்கு மாறி, திருத்தப்பட்ட கட்டுரையைக் குறை தேடித் தேடிப் படித்து, வேறு வழியின்றி, “வெளியிடலாம்” என்று எழுதினார். வாழ்நாளில் முதன்முறை. எழுதிவிட்டு என் அறைக்கு வந்து தண்ணீர் கேட்டார்.

அப்போதுதான் இதழின் ஆசிரியர், ரத்தமும் சதையுமான ஒரு மனிதர், கோப்பைத் திறந்து முதல் வரியைப் படித்தார். மின்னஞ்சல் வந்தது: தங்கள் மதிப்பீடு செல்லாது; ஒரு வாரத்துக்குள் தொடர்பற்ற நடுவர் ஒருவர் கிடைக்காவிடில் கட்டுரை திரும்பும். தாங்கள் எவரையேனும் பரிந்துரைக்க இயலுமா?

“நான் சொன்ன ரெண்டு வரிய எழுதியிருந்தா இந்நேரம் அச்சுலயே வந்திருக்கும்,” என்றார் ஒலிவேரா. “முதல் வரியில போய் வாக்குமூலம் குடுத்திருக்கீங்க.”

கிராதிமிர் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டத்துக்குள் லியோனிதாஸின் பெயரை எழுதினார்.

மிளகாய்ப் பருவம் வந்தது. குளிர்காலத்துக்கு விழுது அரைத்துவைக்க, ஊர் முழுக்கக் குடைமிளகாய் சுடும் புகை. அவர் முற்றத்தில் அடுப்பின் முன் நின்று மிளகாயைப் புரட்டிக்கொண்டிருக்க, லியுபிங்கா தோல் உரித்துக்கொண்டிருந்தாள். நான் போத்தல்களோடு போயிருந்தேன். தொலைபேசி ஒலித்தது. அவர் கையில் மிளகாய்ச்சாறு. லியுபிங்கா பொத்தானை அழுத்தி மேசைமேல் வைத்தாள். பெல்கிரேடில் படித்தவராகையால் கிரேக்கர் எங்கள் மொழியிலேயே பேசினார்.

“விதனோவிச்! உன் ஆடெல்லாம் இன்னும் பேசுதா?”

கிராதிமிர் அடுப்பை விட்டுத் தொலைபேசியின் பக்கம் வந்தார். “அந்த நடுவர் நான்தான்னு உங்களுக்கு...”

“அந்தக் கேள்விய உலகத்துல வேற யாரு கேப்பா? எல்லாரும் உண்ணிக்கு ஓடிட்டாங்க, மோகம்னு புலம்பறியாமே? பாதிப் பேர் உனக்குப் பயந்து ஓடினவங்கப்பா. உண்ணிக்காரங்க ஒருத்தர ஒருத்தர் கடிக்கறதில்ல. நான் எதுக்கு ஆலிவுக்குப் போனேன்னு நெனச்ச? மூட்டுவலின்னா?”

மிளகாய் கருகியது. லியுபிங்கா அடுப்பைப் பார்க்கவில்லை, கணவனைப் பார்த்தாள்.

“உங்க கட்டுரையில தப்பு இருந்துச்சு, லியோனிதாஸ்,” என்றார் கிராதிமிர் மெதுவாக.

“இருந்துச்சு. அத ஒரு வரியில சொல்லியிருக்கலாம். நீ எழுதினது ஏழு பக்கம்.”

“எழுதியிருக்க வேண்டாம்.”

“இதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன். இப்ப உன் கட்டுரைய எடுத்துக்கறேன். நீ படிக்கற மாதிரியே படிக்கப்போறேன். தைரியமா இரு.”

கிரேக்கரின் மதிப்பீடு வந்தபோது அது கட்டுரையைவிட நீளமாக இருந்தது. கிராதிமிர் அதை எடுத்துக்கொண்டு அறை அறையாகக் காட்டினார். “பாருங்க, மூணாவது அட்டவணையோட அடிக்குறிப்பக்கூட படிச்சிருக்கான்! பிச்சு எறிஞ்சிருக்கான்!” என்று சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியை, தம் மகன் பட்டம் வாங்கியபோதுகூட அவர் காட்டவில்லை. மதிப்பீட்டின் கடைசி வரி இது: “வெளியிடலாம். முடிவு தவறென்றே கருதுகிறேன். ஆனால் அதை நிறுவ நானே ஆடு பார்க்க வேண்டியிருக்கும்.”

கட்டுரை வெளிவந்தது. அடுத்த இதழிலேயே லியோனிதாஸின் குறிப்பு ஒன்றும் வந்தது. பக்கத்துத் தோப்புக்காரனின் மந்தையைப் பார்த்ததாகவும், கடலோரத்தில் பனிக்கும் புழுவுக்கும் எந்தத் தொடர்பும் தென்படவில்லை என்றும், விதனோவிச் அவசரப்பட்டுவிட்டார் என்றும் எழுதியிருந்தார்.

மறுநியமனக் குழு கூடியது. ஒலிவேரா வாசித்தார்.

“கட்டுரை ஒண்ணு. பட்டியல்ல இருக்கற இதழ். மேற்கோள் ஒண்ணு. கிரீஸ்.”

“கிரேக்கர் என்ன சொல்றாரு?” என்று கேட்டார் குழுவின் மூத்தவர்.

“விதனோவிச் சொன்னது தப்புன்னு சொல்றாரு.”

“பேர ஒழுங்கா எழுதியிருக்காரா?”

“எழுதியிருக்காரு.”

“அப்ப மேற்கோள்தான். அடுத்தவர் யாரு?”

இன்னும் ஐந்தாண்டுகளுக்கு அறை புழுவுக்கே என்று முடிவாயிற்று. கொண்டாடப் பழச்சாராயமான ராக்கியாவை ஊற்றிவைத்துக்கொண்டு நாங்கள் காத்திருந்தோம். கிராதிமிர் வரவில்லை. போய்ப் பார்த்தால், மேலங்கியைக்கூடக் கழற்றாமல், திஹோமிர் அனுப்பிய புதுப் புழுக்கையைத் துணியில் கட்டிக்கொண்டிருந்தார்.

“ஆலிவ் தோப்புல ஏது நத்தை?” என்றார் என்னிடம், புனலைச் சரிபார்த்தபடி. “அந்த ஆளு நத்தையே பாக்காம எழுதியிருக்கான். இதுக்குப் பதில் எழுதியே ஆகணும்.”

“எழுதினா யாருக்கு அனுப்புவாங்க?”

“அவனுக்குத்தான். வேற யாருக்குப் புரியும்?” என்று சொல்லி, அவர் புனலில் தண்ணீர் ஊற்றினார்.