ஒரு சதம் கூடின கடை

அப்பாவின் கால் வீங்கிய வருடத்தில்தான் சின்னம்மா சிலாபத்திலிருந்து கொட்டாஞ்சேனைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா துறைமுகத்தில் மூட்டை எண்ணும் கிளார்க்கு. காலையில் கோதுமைமாப் பாணும் தேநீரும், மற்ற இரண்டு வேளையும் ஆலையில் வெள்ளைவெளேரென்று தீட்டிய அரிசிச் சோறும்தான் அவருடைய சாப்பாடு. டாக்டர் அவர் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தார். விழுந்த குழி அப்படியே நின்றது. சாப்பாட்டை மாற்றாவிட்டால் நின்று பார்க்கிற வேலையை விடவேண்டி வரும் என்றாராம்.

அம்மாவுக்கு நல்ல சாப்பாடு என்றால் முட்டை, ஆட்டீரல், டின் பால். அப்பாவின் சம்பளத்துக்கு இது நடக்கிற காரியமில்லை என்று மாதா படத்துக்கு முன்னால் நின்று அழுதாள். அம்மாவின் கல்யாணமாகாத தங்கையான சின்னம்மா அழவில்லை. கன்னியாஸ்திரிகளிடம் சமையற்பாடம் படித்தவள் அவள். இதே காசு போதும், எந்தச் சாமான் எங்கே மலிவோ அங்கே வாங்கினால் சரி என்றாள்.

எனக்கு அப்போது எட்டு வயது. மனக்கணக்கில் கெட்டிக்காரி என்று பெயர். பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டதும் சின்னம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கடைகடையாக ஏறி இறங்குவாள். அவள் விலை கேட்பாள். நான் மனதில் வைத்துக்கொள்வேன். எல்லாம் கேட்டு முடிந்தபின் தெருமுனையில் நின்று ஒப்பிப்பேன். அதன் பிறகுதான் வாங்குவோம். கொச்சிக்கடைப் பக்கம் தவிடு போகாத சிவப்புக் குத்தரிசி. சிங்களக் கிழவியிடம் வல்லாரை; "கீயத?" என்று சின்னம்மா விலை கேட்பாள், கிழவி என்ன விலை சொன்னாலும் இவள் அதிர்ந்ததுபோல் நெஞ்சில் கை வைப்பாள், மூன்று கட்டின் விலைக்கு நாலு கட்டு வரும். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், மீன்காரன் கூடையைக் கவிழ்க்கிற நேரம் பார்த்துக் கீரிமீன்.

சிவப்புச் சோற்றைக் கண்ட முதல் நாள், மறியற்சாலைக் கைதிகளுக்கும் இதைத்தானே போடுகிறார்கள் என்று அப்பா கேட்டார். சின்னம்மா அதன்மேல் முருங்கையிலைச் சொதியை ஊற்றினாள். குரக்கன் என்கிற கேழ்வரகு மாப் புட்டும் அவித்த பயறும் கீரிமீன் குழம்புமாக நாட்கள் போயின. வீக்கம் மெல்ல வற்றியது.

பயறு மட்டும் ஜம்பட்டா வீதியில் ஒரே கடையில்தான். தகப்பனுக்குப் பதிலாகக் கடையைப் பார்த்துவந்த யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர், நெற்றி நிறையத் திருநீற்றோடு அங்கே இருப்பார். மற்ற இடங்களில் இறாத்தல் பத்துச் சதம், அவரிடம் பதினொன்று. சின்னம்மா மறந்துவிட்டாளோ என்று நான் ஞாபகப்படுத்தினேன்.

"அவற்ற பயறில கல் இல்லை," என்றாள்.

அது உண்மைதான். பயறைக் கடதாசியில் பரப்பி, ஒவ்வொரு கல்லாக அவரே பொறுக்குவார். பொறுக்கிக்கொண்டே அப்பாவின் காலைப் பற்றி விசாரிப்பார். பயறை முளைக்கவைத்துக் கொடுத்துப் பார்க்கச் சொல்வார். ஒரு இறாத்தல் பயறுக்கு வெகுநேரம் பிடிக்கும். நான் பிஸ்கட் டின்களில் இருந்த எழுத்துகளையெல்லாம் வாசித்து முடித்துவிடுவேன்.

அப்பா மறுபடி சப்பாத்துப் போட்டு வேலைக்குப் போய்வந்த அன்று, சாப்பாட்டு மேசையில் அம்மா சின்னம்மாவைப் புகழ்ந்து தள்ளினாள். எனக்கும் கொஞ்சம் புகழ் வேண்டியிருந்தது. எல்லாக் கடை விலையையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, "சின்னம்மா ஒரு பிழைதான் விடுறவ. பயறை மட்டும் ஒரு சதம் கூடின கடையில வாங்குறவ. நான் சொல்லியும் கேக்கிறதில்லை," என்றேன்.

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. எந்தக் கடை, கடையில் யார் என்று கேட்டாள். திருநீற்றையும் கல் பொறுக்குவதையும் ஒன்று விடாமல் சொன்னேன். சோறு போட வந்த சின்னம்மாவின் கை அப்பாவின் சோற்றுக் கோப்பைக்கு மேலே அப்படியே நின்றது.

சனிக்கிழமை சிலாபத்திலிருந்து மாமா வந்தார். மாமிக்குப் பிள்ளைப்பேறு, உதவிக்கு ஆள் வேண்டும் என்றார்கள். நான் நம்பினேன். சின்னம்மாவுக்கு என்மேல் கோபமில்லை. போகுமுன் என் தலையை வாரிப் பின்னிவிட்டு, "அம்மாவுக்கு விலையெல்லாம் சரியாச் சொல்லிக் குடுக்க வேணும், என்ன?" என்றாள்.

இரண்டு கிழமை கழித்து, அம்மா சொன்ன பத்துச் சதக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஜம்பட்டா வீதியில் அந்த இளைஞர் தன் கடைப் படி இறங்கி வந்து, சின்னம்மாவுக்குச் சுகமில்லையோ என்று கேட்டார். சிலாபத்துக்குப் போய்விட்டா, இனி வரமாட்டாவாம் என்றேன். அவர் உள்ளே போய் ஒரு இறாத்தல் பயறை நிறுத்துக் கட்டித் தந்தார்.

"இனி ஒன்பது சதம், பிள்ளை. வீட்டில சொல்லுங்கோ."

நான் ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். இப்போது அந்தக் கடைதான் எல்லாவற்றிலும் மலிவு, சின்னம்மாவுக்கு எழுதுவோம் என்றேன். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் எழுதமாட்டாள் என்று தெரிந்ததும், அப்பா மாமாவுக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தின் அடியில் நானே பென்சிலால் எழுதினேன்: சின்னம்மா, ஜம்பட்டா வீதியில் பயறு ஒன்பது சதம்.

அடுத்த வருடம் சிலாபத்திலேயே அவளுக்குக் கல்யாணம் நடந்தது. அதுவரை பதில் வரவில்லை. ஒன்பது சதமும் சின்னம்மாவுக்கு விலை அதிகமாகத்தான் பட்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.