தவநேசனின் கைக்கு நான் போட்ட புள்ளி

செவ்வாய்க்கிழமை காலை கைபேசி மூன்று தடவை அடித்தது. என் இரண்டு கைகளும் ஆரையம்பதி மீன்பிடிகாரர் ஒருவரின் கெண்டைக்காலில் இருந்தன. வாவிக்குள் நின்று வலை இழுத்தவருக்குச் சதை பிடித்துக் கல்லாகியிருந்தது. அதை இளக்கிவிட்டுத்தான் எடுத்தேன். நாவற்குடாவிலிருந்து தவநேசனின் மகள்.

"மாமா, அப்பா போயிட்டாரு."

"ஓம் மகள்" என்றேன். கட்டிலில் கிடந்தவர் என் முகத்தைப் பார்த்து, "ஆரு, நம்மட தவநேசன் சேரா?" என்று கேட்டார். அவருடைய தோளை ஒருகாலத்தில் சரிப்படுத்திக் கொடுத்தவன் தவநேசன்தான்; அவன் நோயில் கிடந்தது அவருக்கும் தெரியும்.

இந்த நினைவுக் குறிப்பில் அவனை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரியின் இயன்மருத்துவப் பிரிவில் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அன்றிலிருந்து ஒருவருக்கொருவர் மச்சான்தான்.

அவனிடம் தோளும் முழங்காலும் காட்டிய உங்களுக்கு அவன் வாய் தெரியும். பழுகாமத்து விவசாயி ஒருவர், அறுவடையில் இடுப்பு நாரி பிடித்ததென்று ஒரு மாதம் பாயைவிட்டு எழும்பாமல் கிடந்துவிட்டு எங்களிடம் வந்தார். "சதைக்கு ஓய்வு குடுங்க ஐயா, பென்சன் குடுக்காதீங்க" என்று அவரை எழுப்பி, தானும் கூடவே மண்டபத்தைச் சுற்றி நடந்தான். இன்னொருவர் கிழிந்த தோளோடு, நோவு தெரியாமலிருக்கக் குளிசை போட்டுவிட்டு மூன்றாம் நாளே வீச்சுவலை எறிந்தவர். அவருக்கு நல்ல ஏச்சு விழுந்தது. "நோவு காவல் நாய் மாதிரி. நாய் குரைச்சா நாய்க்கா அடிக்கிற? கள்ளன் எங்க எண்டு பாருங்க!"

எங்கள் தொழிலில் தசையின் பலத்துக்குப் பூச்சியத்திலிருந்து ஐந்துவரை புள்ளி போடுவோம். முழுப் பலம் ஐந்து. நாம் எதிர்த்து அழுத்தாமல் விட்டால் மட்டும் கை எழும்புமானால் மூன்று. அசைவே இல்லை, விரலுக்கடியில் ஒரு துடிப்பு மட்டும் தெரிகிறதென்றால் ஒன்று. காலையில் வரவுப் புத்தகத்தில் கையொப்பம் போட்டதும் நாங்கள் கைகுலுக்கி, முடிந்தமட்டும் இறுக்கி, மற்றவன் கைக்குப் புள்ளி சொல்வோம். விளையாட்டாகத் தொடங்கியது, பிறகு சாமி கும்பிடுவது மாதிரி தவறாத வழக்கமாகிவிட்டது.

"எத்தின மச்சான்?"

"அஞ்சு."

"உனக்கும் அஞ்சு. போய் வேலையப் பாரு."

ஐம்பத்தைந்து வயதுக்குப் பிறகு அவன் பிடி தளர்ந்தது. விரல்கள் என் கையைச் சுற்றி மூடவில்லை. அது எனக்குத் தெரியவில்லை என்று சொன்னால் பச்சைப் பொய். மனைவி இறந்து, மகளும் கனடா போய், தனியாகச் சமைத்துச் சாப்பிட்டவன். கவலையாக்கும் என்று நினைத்துக்கொண்டு அஞ்சு என்றேன். தண்ணீர்ப் போத்தலைத் திறக்கச் சொல்லி என்னிடம் நீட்டினான். மறுநாளும் அஞ்சு. கதிரையில் இருந்து எழும்ப இரண்டு கையையும் ஊன்றினான். "கிழவா!" என்று பகிடி பண்ணினேன். அடுத்த நாளும் அஞ்சு. தெருவில் போகிறவனின் நடையை வைத்தே எந்தத் தசையில் பிசகு என்று சொல்கிற நான், என் மச்சானுக்கு இரக்கப் புள்ளி போட்டேன். இரண்டு வருடம் போட்டேன்.

ஒருநாள் படியில் தொடைத் தசை தாங்காமல் விழுந்தான். கொழும்பில் தசையில் சிறு துண்டு வெட்டிச் சோதித்தார்கள். அரிதான ஒரு தசை அழற்சி. விரல்களையும் தொடையையும் முதலில் தின்று, பிறகு விழுங்கும் தசைக்குப் போகுமாம். நிறுத்த மருந்தில்லை. "முந்தி வந்திருந்தாலும் இதுதான்" என்றார் டொக்டர். அது எனக்கு ஆறுதலாகப் படவில்லை. அந்த இரண்டு வருடமும் அவன் தன் பயத்தோடு தனியே இருந்திருக்கிறான்.

போன மாதம் கடைசியாகப் பார்த்தேன். திரும்பி வந்திருந்த மகள் கரண்டியால் கஞ்சி கொடுத்து முடித்துவிட்டு உள்ளே போனாள். அவன் கை என் கைமேல் கிடந்தது.

"எத்தின மச்சான்?"

முன்கையில் விரல் வைத்துப் பார்த்தேன். தோலுக்கடியில் ஏதோ மெல்லத் துடித்தது.

"ஒண்டு."

"இப்பதான் சரியாப் போட்டிருக்காய்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான் பொய் சொன்னது உனக்குத் தெரியாதா?"

"தெரியும். வீட்ட தனிய இருந்து பார்ப்பன், ஒரு மூடி திறக்க ஏலாது. காலையில நீ அஞ்சு எண்டுவாய். அண்டைக்கு முழுக்க அத நம்பிக்கிட்டு இருப்பன்."

அது மன்னிப்பா, குற்றச்சாட்டா என்று நான் கேட்கவில்லை. அவன் பேசிக் களைத்திருந்தான். ஆனாலும் வழக்கத்தை விடவில்லை. "இப்ப நீ இறுக்கு" என்றான். அவனுடைய சோர்ந்த கையைப் பிடித்து இறுக்கினேன்.

"நாலுதான். ஒழுங்காச் சாப்பிடு."

அந்த நாலுதான் அவனிடமிருந்து நான் வைத்திருப்பது. இப்போதும் காலையில் கையொப்பம் போட்டதும் வலது கை தானாக நீள்கிறது. வெட்கப்பட்டு, அதை இடது கையால் பிடித்து இறுக்கிப் பார்க்கிறேன். இரண்டும் என் கைதான். எத்தனை என்று சொல்ல ஆளில்லை.