தொட்டி கழுவின நேரம்

கெரகம், அந்த ரிலே சர்வரை நான் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. கேரள எல்லையோரம் வடகரப்பதியில் வீட்டிலிருந்தே வேலை, கோயமுத்தூர் பஸ்ஸில் தொங்க வேண்டாம் என்று ஆசை காட்டித்தான் என் தலையில் கட்டினார்கள். ஒரு தனியார் பால் கம்பெனி. சுற்றுவட்டாரத்தில் அவர்களுடைய பால் குளிரூட்டும் நிலையங்களில் மெஷின்கள் நாள் முழுக்க ஏதாவது எழுதிக்கொண்டே இருக்கும். தொட்டி எத்தனை டிகிரி, கம்ப்ரசர் ஓடுதா நிக்குதா, கரண்ட் இருக்கா, இப்படி வரிவரியாக. ரிலே அதையெல்லாம் வாங்கிப் பாலக்காட்டு மேல் ஆபீஸ் சர்வருக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

மழை வந்தால் இன்டர்நெட் லைன் போகும். அப்போது ரிலே வரிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, லைன் வந்ததும் ஒரே மூச்சில் தள்ளிவிடும். மேல் ஆபீஸ் சர்வர் திணறி நின்றுபோகும். அங்கே இருந்த என்ஜினியர் போன் செய்தார். மலையாளத்தில் அவர் சொன்னது இதுதான்: நொடிக்கு இத்தனை வரிக்கு மேல் அனுப்பாதே, ஒரு அளவு வை. அளவு வைப்பது நல்ல யோசனைதான், நானே கேட்டிருப்பேன். ஆனால் அவர் சொன்ன அளவு, சாதாரண நாளில் உள்ளே வருகிற வரிகளுக்கே சரியாய்ப் போய்விடும். ஒரு தடவை தேங்கினால் தீரவே தீராது சார், என்றேன். இன்னொன்றும் சொன்னேன். உங்கள் சர்வர் வரி வந்து சேர்ந்த நேரத்தைத்தான் போட்டுக்கொள்கிறது, மெஷின் எழுதின நேரத்தை எடுப்பதில்லை, முதலில் அதை மாற்றுங்கள் என்று. "அதொக்கெ பின்னெ நோக்காம்" என்றார். அதெல்லாம் அப்புறம் பார்க்கலாமாம். மெயிலிலும் எழுதிப் போட்டேன், பதில் இல்லை. அவர் சொன்ன அளவையே வைத்தேன்.

அடுத்த மழைக்கு ஒரு காலைப்பொழுது முழுக்க லைன் இல்லை. வந்ததும் ரிலே சொன்ன பேச்சைக் கேட்டு நிதானமாக அனுப்பியது. மேல் ஆபீஸ் சர்வர் அசையவே இல்லை, என்ஜினியருக்குப் பரம சந்தோஷம். தேக்கம் மட்டும் குறையாமல் அப்படியே நின்றது. மத்தியானம் நடந்தது பாலக்காட்டுக்குச் சாயங்காலம்தான் போய்ச் சேர்ந்தது. நான் தினமும் மெயில் போட்டேன். சுவரோடு பேசியிருக்கலாம்.

நல்லேப்பிள்ளிப் பக்கத்து நிலையத்தில் ஒரு அக்கா ஆபரேட்டர். பல வருஷம் காண்ட்ராக்டில் ஓட்டிவிட்டு, அந்த மாதம்தான் நிரந்தரமாக்கும் லிஸ்டில் அவர் பெயர் வந்திருந்தது. மத்தியானம் டேங்கர் லாரி காலைப் பாலை எடுத்துப் போனதும், கம்ப்ரசரை நிறுத்திவிட்டு, காலித் தொட்டியைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவுவார். எல்லா நிலையத்திலும் தினம் நடப்பதுதான். இப்போது அந்த வரிகள் ஆபீஸ் கணக்கில் சாயங்காலத்தில் போய் விழுந்தன. சாயங்காலம் தொட்டி நிறையப் பால் இருக்கும். லிஸ்டில் பெயர் இருந்ததால் இவருடைய சார்ட்டை மட்டும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பாலை வைத்துக்கொண்டு கம்ப்ரசரை அணைத்துவிட்டு ஊர் சுற்றப் போனார் என்று மெமோ வந்துவிட்டது.

"ஏனுங்க, பாலைக் கெடுத்துப்போட்டன்னு எழுதியிருக்கறாங்க. பால் கெடவே இல்லீங்களே" என்று எனக்குப் போன் செய்தார், மெஷின் வரிகளை அனுப்புகிறவன் நான் என்பதால். சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். தொட்டியில் சுடுதண்ணீர்ச் சூடு. அந்தச் சூட்டுக்குப் பாலை ஏற்ற வேண்டுமென்றால் அடியில் அடுப்பு மூட்ட வேண்டும். கையெழுத்துப் போட்டவர்களில் ஒருத்தராவது இதை யோசிக்க வேண்டாமா? எனக்கு வந்த ஆத்திரத்தில் லேப்டாப்பைத் தூக்கி வாளையார் ஆற்றில் வீசியிருப்பேன். வீசாமல் அதையே எடுத்துக்கொண்டு பாலக்காட்டுக்கு பஸ் ஏறினேன்.

மெஷின் எழுதின நேரத்தையும் ஆபீஸ் போட்ட நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். என்ஜினியர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஓ, டிலே ஆணு" என்றார். தாமதமாம். இதைத்தானே ஐயா கத்திக்கொண்டிருக்கிறேன். டீ வாங்கித் தந்தார். மெமோவை ரத்து செய்ய எழுதிக்கொடுத்தார். அளவை ஏற்றச் சொன்னார். மெஷின் நேரத்தை எடுக்கும்படி சர்வரை என் கண் முன்னாலேயே மாற்றினார், டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. ஆனால் நிரந்தர லிஸ்ட் அதற்கு முந்தின நாளே கையெழுத்தாகியிருந்தது. மெமோ நிலுவையில் இருந்ததால் அக்கா பெயரை அடித்துவிட்டிருந்தார்கள். அடுத்த லிஸ்ட் எப்போது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

அக்காவிடம் நேரில் போய்ச் சொன்னேன். ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "சரி உடுங்க, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார்.

இப்போது தேக்கம் இல்லை. லைன் போய் வந்தாலும் நேரம் சரியாக விழுகிறது. அக்காவிடம் இதையெல்லாம் பொறுமையாக விளக்கினேன், தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனாலும் தினம் மத்தியானம் நான் சோற்றில் கை வைக்கும்போது போன் அடிக்கும். "ஏனுங்க, டேங்கர் போயிருச்சு. கம்ப்ரசரை நிறுத்தட்டுங்களா?" இத்தனை வருஷம் யாரையும் கேட்காமல் செய்த வேலை. கேட்க வேண்டியதில்லை அக்கா என்று சொல்லிப் பார்த்தேன். "இல்லீங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்கிறார். நிறுத்துங்கக்கா என்கிறேன்.