பாவு தின்ற கிடாய்

மாரி மழை விடாமல் பெய்கிற நாட்களில் எங்கள் குசினிக்குள் கறியின் மணத்தையும் மிஞ்சிக்கொண்டு ஒரு வாடை நிற்கும். அது கிடாயின் வாடை. நனைந்தால் செத்துவிடும் என்று உம்மா அதை அடுப்பருகே கட்டுவார். என் பள்ளிச் சட்டையும் அங்கேதான் காய்ந்தது; வகுப்பில் பக்கத்திலிருந்தவள் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

எண்பதுகளின் தொடக்கம், மருதமுனை. உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சி, ஒரு மறியாட்டை "வாரத்துக்கு" தந்திருந்தார். ஆடு அவருடையது, பாடு எங்களுடையது, குட்டிகளில் ஆளுக்குப் பாதி. முதல் ஈற்றில் போட்ட இரண்டில் கொழுத்ததையும், பால்குடி மறந்ததும் தாயாட்டையும் சாச்சி கொண்டுபோனார். எங்களுக்கு மிஞ்சியது ஒரு நோஞ்சான் கிடாய்க்குட்டி. அதை வளர்த்து விற்றுப் பழைய தையல் மெஷின் ஒன்று வாங்குவதென்று எனக்கு மூத்தவளான ராத்தா முடிவு செய்தாள்.

அன்றிலிருந்து நாங்கள் கிடாயின் வேலைக்காரர்கள். பள்ளி விட்டதும் அதன் தீனிக்குக் குழை ஒடிக்கப் போவது நான். பூவரசம் குழைக்கு முகத்தைத் திருப்பும், கிளுவையை முகர்ந்துவிட்டு மிதிக்கும். என் கணக்குக் கொப்பியை மட்டும் அட்டையோடு தின்றது. "அது வாயில்லாச் சீவன், நீதான் கொப்பிய உயர வெச்சிருக்கணும்" என்று உம்மா எனக்குத்தான் ஏசினார். வாயைத் தவிர அதற்கு வேறென்ன இருந்தது?

இரண்டு வருடம் போனது. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்க வியாபாரி ஒருவர் வந்து, முதுகெலும்பைத் தடவி விலை பேசி, "வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிய வாறன், கட்டி வெய்ங்க" என்று சொல்லிப் போனார். ராத்தா மெஷினைப் பேசியும் வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை கிடாய் கயிற்றைக் கடித்து அறுத்தது. உம்மா அண்ணன் முறையில் காக்கா என்று அழைக்கும் பக்கத்து வீட்டுத் தறிக்காரர், புடவை நெய்வதற்கான பாவு நூலுக்குச் சோற்றுக் கஞ்சி போட்டு, இரு வேலிகளுக்கும் நடுவே ஒழுங்கை நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் காயவிட்டிருந்தார். நாங்கள் ஓடிப்போனபோது, கொம்பிலும் காலிலும் நூல் சுற்றிக் கிடக்க, கஞ்சி ருசி கண்ட கிடாய் நிதானமாக அசைபோட்டுக்கொண்டு நின்றது.

காக்கா அறுந்த நூலருகே குந்தினார்.

"முதலாளிட நூல் தங்கச்சி. நான் அவருக்கு என்னத்தச் சொல்லுற?"

உம்மா கிடாயின் கழுத்தில் மிஞ்சிய கயிற்றைப் பிடித்து அவரிடம் நீட்டினார்.

"இதக் கொண்டுபோய் வித்து எடுங்க காக்கா."

"உம்மா!" என்றாள் ராத்தா.

"அவரும் புள்ளகுட்டிக்காரன்தானே" என்று சொல்லிவிட்டு உம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

பெருநாளன்று எல்லா வீட்டுக்கும் போல எங்களுக்கும் அறுத்துப் பங்கிட்ட குர்பான் இறைச்சி ஒரு பொதி வந்தது. "நம்மட கிடாயா உம்மா?" என்றேன். "தெரியா. தின்னு" என்றார். ராத்தா எழுந்து போய்விட்டாள். நான் தின்றேன்; அந்தக் கிடாயின் மேலிருந்த கோபம் தீர, இரண்டு தரம் கேட்டு வாங்கித் தின்றேன்.

இப்போது அந்த ஒழுங்கையில் வேலிகள் போய் மதில்கள் வந்துவிட்டன. ஒடிக்கக் குழையும் இல்லை, ஆடு கட்ட வளவும் இல்லை. கல்முனையில் இறைச்சியைக் கிலோவாக வாங்குகிறோம். "வாரம்" என்றால் பிள்ளைகளுக்கு ஏழு நாள்தான். ராத்தா பெருநாளைக்கு வந்தால் மட்டும் கோழி சமைக்க வேண்டும். "ஆட்டிறைச்சி வேணாமெண்டு டொக்டர் சொன்னவர்" என்பாள். எந்த டொக்டர் என்று நான் கேட்பதில்லை.