பேசாமல் போன மடிக்கணினி

ஏறாவூர் முப்லிஹாவுக்குப் பள்ளி முடிக்கும் வயதில் கண்பார்வை முற்றாகப் போனது. பிறகு அவளுக்கு வாய்த்தது காதால் செய்கிற வேலை. மட்டக்களப்பில் ஒரு தொண்டு நிறுவனம், வெள்ளத்தில் வீடிழந்தவர்களையும் காணாமல்போன பிள்ளைகளைத் தேடித் திரியும் தாய்மாரையும் பேசவைத்து ஒலிப்பதிவு செய்யும். அதைக் கேட்டு அவள் தட்டச்சு செய்து அனுப்புவாள்.

அவளுடைய மடிக்கணினியில் இருந்தது லினக்ஸ். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அதில் இலவசமாகக் கிடைத்ததால், கட்டாருக்கு வேலைக்குப் போகுமுன் அவள் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் றுஸ்தி போட்டுக் கொடுத்திருந்தான்.

சின்னச் சின்னப் புதுப்பிப்புகளை அவள் தானே செய்வாள். ஆனால் ‘இந்தப் பதிப்பின் காலம் முடிந்தது, இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, புதிய பதிப்புக்கு மாறுங்கள்’ என்று கணினி சொல்லத் தொடங்கியபோது பயந்துபோனாள்.

“நீ அதில கை வைக்காத தங்கச்சி. லீவில வந்து நான் செய்து தாறன்,” என்றான் றுஸ்தி தொலைபேசியில்.

லீவு கிடைக்கவில்லை. நோன்பும் பெருநாளும் போயின. ஒரு நாள், ஒலிப்பதிவுகளை இறக்கும் இணையத்தளம் அவளுடைய பழைய உலாவியை ஏற்க மறுத்தது. உதயரூபன்தான் தொண்டு நிறுவனத்தில் ஒலிப்பதிவுகளுக்குப் பொறுப்பு. கொஞ்சம் பொறுக்கும்படி அவருக்குச் சொல்லிவிட்டு, அவளே மாற்றத் தொடங்கினாள்.

மாற்றம் முடிந்து மீண்டும் இயங்கியபோது கணினி பேசவில்லை. விசையைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். குனிந்து காதை வைத்தாள். உள்ளே விசிறி சுற்றும் இரைச்சல் மட்டும்தான்.

“மதினி, திரையில என்ன கிடக்கு? ஒருக்கா பாருங்களேன்.”

றுஸ்தியின் மனைவி நிஸ்றா வந்து பார்த்தாள். “எல்லாம் இங்கிலீசு. எனக்கு விளங்குதில்லையே மச்சி.”

“எழுத்தெழுத்தாச் சொல்லுங்க. நான் சேர்த்துக்கொள்றன்.”

அடுப்படிக்கும் அறைக்குமாக நடந்து நிஸ்றா எழுத்துச் சொன்னாள். பல நாள் அப்படிப் போனது. கடைசியில் பிழை அகப்பட்டது. வீட்டிலேயே இல்லாத ஏதோ ஒரு டிவிக்கு, புதிய பதிப்பு சத்தத்தை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. சரிசெய்ததும் குரல் வந்தது. ஆனால் அது ஆங்கிலக் குரல். தமிழைக் கண்ட இடமெல்லாம் ‘தமிழ் லெட்டர், தமிழ் லெட்டர்’ என்று அடுக்கியது. நிஸ்றா சிரித்துவிட்டாள். முப்லிஹாவுக்கு அழுகை வந்தது.

தமிழ்க் குரலையும் சேர்த்த கையோடு உதயரூபனுக்கு அழைத்தாள்.

“இனி அந்த வேலை இல்ல தங்கச்சி,” என்றார் அவர். “உங்கட மெஷின் பழுதாக் கிடந்த நேரம், கொம்பியூட்டரே கேட்டு எழுதுற ஒண்டைச் சும்மா போட்டுப் பார்த்தம். பிழை இருக்குத்தான். ஆனா மேல உள்ள ஆக்கள் அது காணும், ஆள் தேவையில்ல எண்டுட்டாங்க.”

“பிழை திருத்தவாவது ஆள் வேணாமா?”

“கேட்டுப் பார்க்கிறன்.”

பின்னேரம் றுஸ்தி அழைத்தான். கணினி சரியாகிவிட்டது என்றாள். “மாஷா அல்லாஹ்! எனக்கே பயமாக் கிடந்த வேலை,” என்று அவன் பூரித்துப்போனான். வேலை போனதை அவள் அவனுக்குச் சொல்லவில்லை.

“ஏன் மச்சி சொல்லல்ல?” என்று பிறகு நிஸ்றா கேட்டாள்.

“அங்க இருந்துகொண்டு காக்கா என்ன செய்ய?”

அடுத்த வாரங்களில் உதயரூபனுக்குச் சில தடவை போன் எடுத்துப் பார்த்தாள். பதில் இல்லை. பிறகு எடுப்பதை விட்டுவிட்டாள்.